ஒரு லோடு இனியா

ஒச்சப்பனின் முதுகுக்குள் அரிசி அளவில் ஒரு வால்வு இருந்தது. மதுரை வெங்காய மண்டியில் அவன் மூட்டைக்குக் குனியும்போது மேஸ்திரி போனைத் தட்டுவார். வால்வு திறந்து மருந்து கசியும், வலி பறந்துவிடும். மூட்டை இறங்கியதாகப் பதிந்ததும் வால்வு அடைத்துக்கொள்ளும். மருந்து முதலாளியுடையது, முதுகு மட்டும்தான் ஒச்சப்பனுடையது.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மண்டிக்கு லீவு. மகள் இனியா அப்பா தோளில் உட்கார்ந்துதான் அழகரைப் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லீவு நாளில் ஒச்சப்பனால் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியாது. அவன் மனைவி பேச்சி அவனையும் இழுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்கே போய்விட்டாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் தொறந்து விடுங்க."

"லோடு பதியாமத் தொறக்காது தாயி. நான் என்ன செய்ய?"

"அப்ப பதிங்க. எம் மக லோடு இல்லையா? பள்ளிக்கூடத்துல எடை போட்டாக, பதினெட்டு கிலோ."

"சரக்கு என்னன்னு கேக்குமே?"

"வெங்காயம்னு போடுங்க. உரிக்காமலே அழ வைக்கிறா."

மேஸ்திரி சிரித்தபடி தட்டினார்.

வைகைக் கரையில் ஒச்சப்பன் மகளை ஒரே தூக்கில் தோளில் ஏற்றினான். அழகரைக் கண்டதும் அவள் போட்ட கூச்சலில் அவன் காது அடைத்தது. கூட்டம் கலையும்போது மேஸ்திரி போனில் கூப்பிட்டார்.

"என்னப்பா, லோடு எறக்கியாச்சா? பதிஞ்சிரவா?"

"எறக்குற எடம் இன்னும் வரலண்ணே" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி நடந்தான் ஒச்சப்பன்.