மஞ்சள் மழைக்கோட்டு

"டென்ட் துணி என் சைக்கிள்ல, கம்பியெல்லாம் உன் சைக்கிள்ல. சண்டை வந்தாலும் ஒண்ணாத்தானே தங்கியாகணும்?" கிளம்பும்போது என் கணவர் சொன்னார்.

"நான் வரலைன்னா துணியைப் போர்த்திக்கிட்டுப் படுங்க," என்றேன். அன்று எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் மதியமும் மழை விடவில்லை. அவருடைய மஞ்சள் மழைக்கோட்டு எனக்கு ஐம்பதடி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. மேட்டில் நான் இறங்கித் தள்ளினேன். அவர் திரும்பவில்லை. சேற்றில் சறுக்கி விழுந்தேன், முழங்கை சிராய்த்தது. அப்போதும் திரும்பவில்லை. கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பதினோரு வருஷமாக நான் பார்த்துச் சலித்த முதுகு அது. திரும்பிப் பார்ப்பதைக்கூடக் கேட்டு வாங்குவதா என்ற வீம்பில் நான் கேட்டதே இல்லை.

பின்னால் மணி அடித்தது. என் கணவர் மூச்சிரைக்க வந்து நின்றார். அதே மழைக்கோட்டு, கேரியரில் நீல டென்ட் துணி.

"மேட்டுக்கு முன்னாடியே பஞ்சர். ஒட்டிக்கிட்டு இருந்தேன். அத்தனை தடவை கூப்பிட்டேன், நீ பாட்டுக்குத் தாண்டிப் போறே. அவ்வளவு கோபமா?"

நான் முன்னால் கை காட்டினேன். மஞ்சள் மழைக்கோட்டு அங்கே அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் கேரியரிலும் நீலத் துணி.

அவர் முகம் வெளுத்தது. "கூப்பிடாதே. வா, வந்த வழியே போயிடலாம்," என்று என் கையைப் பிடித்தார்.

எனக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. எந்த முதுகானால் என்ன? கையை உதறிவிட்டு, தொண்டை வலிக்கக் கத்தினேன்.

"ஏங்க, ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்க."