முதல் வீச்சு

"தாயக்கட்டை மாதிரி உருட்டாதக்கா. எறியணும். எதிர்ப் பலகையில போயி மோதணும்" என்றான் இக்னேஷியஸ்.

"கட்டைன்னா உருட்டத்தானேடா செய்வாங்க? இன்னா கருமம் புடிச்ச ஆட்டமோ!" என்றாள் பவுனம்மாள்.

ராயபுரத்தில் வலைக்கடை வைத்திருப்பவன் இக்னேஷியஸ். பதினோரு வருடம் சொகுசுக் கப்பல் ஒன்றில் கிராப்ஸ் என்னும் பகடைச் சூதாட்ட மேசையில் வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் ஊர் திரும்பிக் கடையைத் திறந்தான். மீன் பெட்டிக்குள் சாக்பீஸால் கோடு கிழித்து ஆட்டம் சொல்லித் தந்துகொண்டிருந்தான். வலையில் கோர்க்கும் ஈயக்குண்டுகள்தான் பந்தயக் காசு. பவுனம்மாளுக்குப் பத்துக் குண்டு கொடுத்திருந்தான்.

பவுனம்மாள் ஒன்றும் சூதாட வரவில்லை. நாளைக்கு அவள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

படகு விற்ற பணத்தோடு காட்டுப்பள்ளிப் பக்கம் நின்றிருந்த ஒரு பழைய கப்பலுக்கு இந்த ஆட்டம் ஆடப் போனான் அவள் மகன் மணி. மறுநாள் பிணமாகத்தான் கரை ஒதுங்கினான். கூட ஆடியவர்கள் யாரும் அகப்படவில்லை. அவனோடு போன சிநேகிதன் வசீம்தான் பணத்துக்காக அவனைக் கடலில் தள்ளிவிட்டான் என்று கேஸ். பதினாலு மாதமாக வசீம் ஜெயிலில் இருக்கிறான்.

"எம்புள்ள ஜெயிச்சான்னு நான் சொன்னா, 'உனக்கு அந்த ஆட்டம் தெரியுமாம்மா'ன்னு வசீம் வக்கீலு மடக்குவாராம். சர்க்கார் வக்கீலு சொன்னாரு. அதான் உன்னாண்ட வந்தேன்."

"மணி ஜெயிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கப்பல்லேர்ந்து போன்ல வாய்ஸ் அனுப்சிருந்தான்ல! கொரலு அப்டியே நடுங்குது, சந்தோஷத்துல. ஸ்டேஷன்ல கேட்டவங்க அத்தினி பேரும், ஜெயிச்சுட்டான்னுதான் சொன்னாங்க. அத யாருக்கும் போட்டுக் காட்டாதன்னு வக்கீலு சொல்லிகீறாரு. நீ ஆட்டத்தச் சொல்லு."

"சரி, கேட்டுக்கோ. மொத வீச்சுதான் முக்கியம். ரெண்டு கட்டையும் கூட்டி ஏழோ பதினொண்ணோ வந்தா, நீ வெச்சது உனக்கு டபுளா வரும். ரெண்டு, மூணு வந்தா போச்சு. அப்புறம் இன்னொரு நம்பரு கீது..."

"பவுனு!"

கடை வாசலில் மூச்சு வாங்க நின்றாள் காத்தூன் பீவி, வசீமின் தாய். பவுனம்மாளின் முகம் இறுகிப்போனது.

"அல்லா மேல ஆணையா சொல்றேன் பவுனு, எம்புள்ள தள்ளல. மணி பணம் அத்தினியும் தோத்துட்டு அவனா குதிச்சான். அவனைத் தூக்கத்தான் வசீமும் குதிச்சான். நாளைக்கு நீ சொல்ற ஒரு வார்த்தையிலதான் எம்புள்ள உசுரு கீது. உன் கால்ல வேணாலும் வுழறேன்."

"ஜெயிச்சவன் எதுக்குடி குதிக்கிறான்? எம்புள்ளயோட ஒக்காத்தி வெச்சு அவனுக்கும் சேத்து சோறு போட்டேனேடி, பாவி! பணத்த எங்க பொதச்சு வெச்சிகீறான்னு போயி அவனைக் கேளு. போடி!"

காத்தூன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். இக்னேஷியஸ் கட்டைகளைக் கையில் எடுத்தான்.

"எங்கக்கா வுட்டேன்?"

"இன்னாத்தயோ சொன்னே. ஆடுனா தானா வெளங்கும். குடு கட்டைய."

ஒரு குண்டை வைத்து எறிந்தாள். நாலும் மூணும், ஏழு. இக்னேஷியஸ் ஒரு குண்டைத் தள்ளினான். அடுத்து ஆறு விழுந்தது.

"இனிமே ஆறுதான் உன் நம்பரு. ஏழு வர்றதுக்குள்ள மறுபடி ஆறு வந்தா ஜெயிச்சே. ஏழு முந்திக்கிச்சுன்னா தோத்தே."

ஒன்பது, நாலு, அப்புறம் ஆறு. பவுனம்மாளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இப்படித்தானே எம்புள்ளையும் ஆடியிருப்பான் என்று நினைத்ததும் கண் கலங்கியது.

"இப்பப் புது ஆட்டம். மொத வீச்சு. எவ்ளோ வெக்கிறே?"

"அத்தினியும்!"

எல்லாக் குண்டையும் கோட்டுக்குள் தள்ளிவிட்டு எறிந்தாள். கட்டைகள் பலகையில் மோதித் திரும்பி நின்றன. ஆறும் ஆறும்.

"பன்னெண்டு!" பவுனம்மாள் கையைத் தட்டினாள். மத்தியானமானால் அவள் தெருவில் பெண்கள் தாயம் ஆடும்போது கேட்கும் அதே கூச்சல். "போட்டேன் பாத்தியா பன்னெண்டு! குடு கட்டைய, எனக்கு இன்னொரு தபா உண்டு!"

இக்னேஷியஸ் ஈயக்குண்டுகளை எல்லாம் தன் பக்கம் வாரிக்கொண்டிருந்தான்.

"டேய், இன்னாடா அத்தினியும் வாரிக்கினே? வெளையாடுறியா?"

"அந்தம்மா வந்தப்போ அதத்தான் சொல்ல வந்தேன்க்கா. தாயத்துலதான் பன்னெண்டு ஒசத்தி. இதுல மொத வீச்சுல பன்னெண்டு வந்தா, வெச்சது மொத்தமும் போச்சு."

"பொய் சொல்றே."

"பதினோரு வருஷமா இதானேக்கா என் வேலை?"

பவுனம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தெருவில் பிறந்த யாரும், ஸ்டேஷனில் இருந்த யாரும், இப்படி ஒன்றை யோசித்திருக்கவே முடியாது.

"ஐயோ... அடியே காத்தூனு..."

மடியிலிருந்த செல்போனை எடுத்தாள். மகன் அனுப்பிய வாய்ஸை அமுக்கினாள். அலைச் சத்தத்துக்கு நடுவே மணியின் குரல் வந்தது.

"அம்மா... படகுப் பணம் மொத்தத்தயும் வெச்சேம்மா. மொத வீச்சுலயே பன்னெண்டு வுழுந்திச்சும்மா."