துருப்பிடித்த ஆணிக்கு வந்த மரியாதை

எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த நூலில் நெய்த துணி ஒன்று உலையில் வைத்துச் சோதிக்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதை இரண்டாக வெட்டியதில் ஒன்று அக்கா, இன்னொன்று தங்கை. பாறையிலிருந்த இரும்பால் இருவரும் ஒரே பழுப்பு.

தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. மேசையில் கிடந்த ஆணியைக் காட்டி, "இந்தத் துருப்பயல் மாதிரியே இருக்கேனே! இந்த நிறத்தோடு உலைக்குள்ளே போனால் மானம் போயிடும்" என்றாள்.

"இந்த நிறத்துக்கு என்னடி குறைச்சல்?" என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் தங்கை அமிலத் தொட்டிக்குள் தொபுக்கடீரென்று குதித்தாள். இரும்பெல்லாம் கரைந்து, வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தாள்.

இருவரையும் உலையில் வைத்துக் கரி கலந்த வாயுவைச் செலுத்தினார்கள். அந்த வாயுவோ இரும்பு இருக்கும் இடத்தில்தான் வேர் பிடிக்கும். அக்காவின் உடம்பெங்கும் நானோ குழாய்கள் என்னும் மிக நுண்ணிய கரிக்குழாய்கள் கருகருவென்று முடிபோல அடர்ந்தன. மின்சாரம்கூட அவள்மேல் ஓடியது. தங்கை மொட்டையாகவே வெளியே வந்தாள்.

வலுவேறிய அக்காவைக் காற்றாலை இறக்கை செய்யக் கொண்டுபோனார்கள். தங்கையை மேசை துடைக்க வைத்துக்கொண்டார்கள்.

துடைத்துக்கொண்டே போன தங்கை, அந்த ஆணியின் பக்கத்தில் நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"அண்ணே, உங்க துருவை என்மேலே கொஞ்சம் தேய்ச்சு விடுறீங்களா?"