மொழி: தமிழ்

வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் டிவிக்காரர் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிசந்தாம்மா. பெரியம்மாவுக்கு இங்கிலீசு வராதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. தமிழ்ல மாத்தி விட்டுட்டுப் போயிடுறேன்."

ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கும் டிவிக்காரர். நல்ல மனுஷன்தான். ஆனால் இவரை இப்போது யார் கூப்பிட்டது?

அறைக்கு அறை சுவரில் மாட்டியிருக்கும் டிவி அது. சீரியலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? இருக்காது. நோயாளியின் பெயர், டாக்டரின் பெயர், எந்தப் பிரிவு, இன்றைக்கு என்ன சிகிச்சை, எல்லாவற்றையும் போட்டுக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

நேற்று முழுக்க ஆங்கிலத்தில் போட்டது. போட்டுத் தொலையட்டும் என்று இருந்துவிட்டாள்.

கட்டிலில் மாமியார் வெள்ளைத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழ் என்றால் அவர் விடமாட்டார். கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்குவார்.

வயிற்றில் புண், மருந்து ஏற்றினால் ஆறிவிடும். அவருக்குச் சொல்லியிருப்பது அவ்வளவுதான்.

மகன் பால்பாண்டியின் ஏற்பாடு அது. புற்றுநோய் என்று தெரிந்தால் அம்மா அன்றைக்கே ஒடிந்து போய்விடுவாள் என்று அவனுக்கு அப்படியொரு பயம். சொந்தபந்தம் அத்தனை பேரையும் தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தான்.

பெண்டாட்டியிடம் மட்டும் இரண்டு தடவை.

அவளும் குறை வைக்கவில்லை. வாசல் போர்டு கண்ணில் படாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக மாமியாரைக் கூட்டி வந்தாள். ஃபைலுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டாள். நர்சுகளை ஒவ்வொருத்தராக வராந்தாவில் மடக்கிக் கெஞ்சினாள்.

இந்தப் பாழாய்ப்போன டிவியை யார் நினைத்தது?

"எதுக்கு சார் சிரமம்? இங்கிலீசே இருக்கட்டுமே."

"ஏன் இருக்கணும்? எனக்குப் புரிய வேணாமா? நீ மாத்துப்பா," என்றார் மாமியார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

அவள் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தாள்.

பிளக்கைப் பிடுங்கலாம். அது டிவிக்குப் பின்னால், கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. முன்னால் போய் நின்று மறைக்கலாம். அவள் இருக்கிற உயரத்துக்கு டிவியின் அடிப்பக்கம்கூட மறையாது.

கண்ணாடி!

மாமியாரின் கண்ணாடி மேசைமேல் இருந்தது. தண்ணீர் எடுப்பதுபோல் போனாள். கண்ணாடியை எடுத்து முந்தானையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வட்டம் நின்றது. தமிழ் வந்தது.

மாமியார் மேசையைத் தடவினார். தலையணைக்கு அடியில் தடவினார்.

"என் கண்ணாடி எங்க ஆத்தா?"

"பாத்ரூம்ல வச்சிருப்பீங்க அத்த. இவரு போகட்டும், தேடி எடுத்துத் தர்றேன்."

மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

அப்பாடா! அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"படிக்கவே வேணாம் பெரியம்மா. அதுவே வாசிச்சுச் சொல்லும்."

டிவிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு பொத்தானை அழுத்தி, ரிமோட்டைக் கட்டில்மேல் வைத்தார்.

ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம், திருமதி வெள்ளைத்தாய் அவர்களே. புற்றுநோய்ப் பிரிவு தங்களை அன்புடன் வரவேற்கிறது."

அவள் ரிமோட்டின்மேல் பாய்ந்தாள். கைக்குக் கிடைத்த பொத்தானை அழுத்தினாள்.

சத்தம் கூடியது.

"இன்று தங்களுக்கு முதல் கீமோதெரபி சிகிச்சை. விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்."



மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் போர்வையின் ஓரத்தை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது.

டிவிக்காரர் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்து நின்றார்.

"நல்லாத் தெளிவாச் சொல்லுதுப்பா," என்றார் மாமியார்.

டிவிக்காரர் சிரித்த முகத்தோடு அடுத்த அறைக்குப் போனார்.

"அத்த..." என்றாள் அவள்.  அழுகைதான் வந்தது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

மாமியார் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வராந்தாவில் பால்பாண்டியின் குரல் கேட்டது. நர்சிடம் என்னவோ கேட்டுச் சிரித்தான். அம்மாவின் அறைக்குள் நுழையுமுன் எப்போதும் அப்படித்தான், வெளியிலேயே சிரிப்பை வரவழைத்துக்கொள்வான்.

மாமியார் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தார்.

"பழையபடி இங்கிலீசுக்கு மாத்து."

"அத்த?"

"அவன் வர்றான் புள்ள. சீக்கிரம் மாத்து!"

அவள் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. ஒன்றை அழுத்தினாள். அது இல்லை. இன்னொன்றை அழுத்தினாள். திரை கறுத்து, வட்டம் சுற்றியது.

செருப்புச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தபோது ஆங்கிலம் வந்திருந்தது.

பால்பாண்டி இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். அம்மாவின் முகம் டிவியைப் பார்த்து இருப்பதைக் கண்டதும் அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா பாத்துக்கிட்டிருக்க?"

வெள்ளைத்தாய் பொட்டலத்துக்குக் கையை நீட்டினார்.

"என்னமோ இங்கிலீசுல ஓடுதுடா. எனக்கென்ன தெரியும்?"