ஒரே முகவரி

பத்து மணிக்கு அறுவைச் சிகிச்சை முன்பதிவு இணையதளம் திறந்தது. பத்து ஒன்றுக்குப் படுத்துவிட்டது. அந்த சர்வரைக் கவனிப்பவன் அவன்தான்.

மனைவி போனில் அழுதாள். "சுத்திக்கிட்டே இருக்குங்க. இன்னிக்கு ஆபரேஷன் தேதி கிடைக்கலேன்னா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தானாம். பாப்பா தாங்க மாட்டா."

"நீ விடாம அமுக்கு. இதை நான் நிமித்துறேன்."

திரையைப் பார்த்தான். ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு நாற்பது கோரிக்கைகள்.

"எவனோ மெஷின் வெச்சு அடிக்கிறான் சார்."

"அப்புறம் என்ன வேடிக்கை பாக்குற? அந்த முகவரியை அடைச்சுடுய்யா," என்றார் மேலாளர்.

அடைத்தான். தளம் மளமளவென்று ஓடியது. அன்றைக்கு இருந்த இருபது தேதிகளும் மூன்றே நிமிடத்தில் தீர்ந்தன.

அவனே மனைவியை அழைத்தான். "கிடைச்சுதா?"

"இல்லீங்க. திடீர்னு 'அனுமதி இல்லை'ன்னு வந்துடுச்சு. எனக்கு மட்டும் இல்ல, இந்த வார்டுல இருக்கிற எல்லா அம்மாவுக்கும். இங்க நெட்டுக்கு ஆஸ்பத்திரி வைஃபை மட்டும்தானே எடுக்கும், எல்லாரும் அதுலதான் அமுக்கிட்டிருந்தோம்."

ஒரே வைஃபையில் எத்தனை போன்கள் இருந்தாலும் சர்வருக்குத் தெரிவது ஒரே முகவரிதான். அது அவனுக்குத் தெரியும்.

"எந்தப் பாவிங்க அடைச்சது?" என்றாள்.