குதிரையின் பெயர்

எல்லைச் சண்டையின் செய்தி தந்தியில் இங்கிலீஷில் வரும். அதைத் தமிழாக்கிப் பத்திரிகையில் போடுவது அருளப்பனின் வேலை. நேற்றைய தந்தியில் காயம்பட்ட துரைகளின் பெயர்கள் இருந்தன. கர்னலின் குதிரை குண்டடிபட்டுச் செத்திருந்தது; அதற்குக்கூடப் பெயர் இருந்தது. கடைசியில் மட்டும், சுமைகூலிகள் சிலரும் மாண்டதாக ஒரு வரி. கூந்தல் தைல விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.

காலையில் தனகோட்டி அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் அந்தப் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கப் போனவன்.

"சண்டை சேதியப் படிச்சுக் காட்டுங்கய்யா."

படித்தார். துரைகள் வந்தார்கள், குதிரை வந்தது, செய்தி முடிந்தது.

"கூலியாளுங்களப் பத்தி?"

அருளப்பன் தைல விளம்பரத்தையே பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லம்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "குதிரைக்கே இவ்ளோ எழுதறவங்க, மனுசனுக்கு ஒண்ணுன்னா எழுதாமலா இருப்பாங்க?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கற்கண்டுத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நல்ல சேதி சொன்ன வாய். போட்டுக்குங்கய்யா."

அவர் போட்டுக்கொள்ளும்வரை நகரவில்லை. பிறகு படியிறங்கியவள் திரும்பினாள்.

"அந்தக் குதிரைதான் பாவம்யா."