அம்மாக்கண்ணுவின் இடது கை

கரண்ட் போனது மழையிலா காற்றிலா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. என் மனைவி அம்மாக்கண்ணுவின் கையை நான் பார்த்தது மட்டும் நிச்சயம்.

நான் டயகம தேயிலைத் தோட்டத்தில் பங்களா சமையல்காரன். தோட்டத்தை நடத்தும் எங்கள் தொரையின் கைக்கடிகாரம் கை அசைவில் ஓடுவது. அவர் வெளிநாடு போனால் அதை இப்படியும் அப்படியும் சுழற்றி ஓடவைக்க, கரண்டில் இயங்கும் ஒரு மோட்டார் பெட்டி உண்டு. கடிகாரம் நின்றால் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தார். அந்த முறை அவர் போயிருந்தபோது, கரண்ட் இல்லாத நாட்களில் அதை அம்மாக்கண்ணுவின் இடது கையில் கட்டி, கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினேன்.

"கொழுந்து எடுக்குற கை சும்மா இருக்காது புள்ள."

"பொம்பளைங்க என்னையத் தொரைசாணின்னு கேலி பண்ணுவாங்க," என்று சிரித்தாள்.

கரண்ட் வந்ததும் கடிகாரத்தைப் பெட்டியில் வைத்தேன். அன்று அவள் சாப்பிடும்போது, மடியில் கிடந்த இடது கை, பெட்டிக்குள் கடிகாரம் சுழல்வதுபோலவே மெதுவாக ஒரு பக்கம் புரண்டு, நின்று, மறுபக்கம் புரண்டது.

"வலிக்குதா?"

"இல்லைங்க. நான் அசைக்கலைங்க."

வேலை போனால் போகட்டும் என்று பெட்டியை நிறுத்தினேன். இரண்டு நாளில் நிற்க வேண்டிய கடிகாரம் ஒரு வாரமாகியும் ஓடியது. அவள் கையும் ஓயவில்லை.

தொரை வந்து, கடிகாரம் ஓடுவதைப் பார்த்து என்னைப் பாராட்டினார். அதைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். நான் இன்னும் பங்களாவில்தான் சமைக்கிறேன். அம்மாக்கண்ணு ஐப்பசியில் இறந்தாள். குளிப்பாட்டும்போது, அப்போதும் ஓயாத அந்தக் கையை மட்டும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.